பொன்னுதுரையும் ரயில் ஸ்பேனரும்

பொன்னுதுரைக்கு ஒரு குழாயைக்கூடக் கழற்றி மாட்டத் தெரியாது. சைக்கிள் சங்கிலி கழன்றுவிட்டால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்துக் கம்போங் செட்டிக் குடியிருப்பில் இருந்த தெய்வநாயகத்தின் முன்னால் நிற்பார். அவருக்கு மலாக்கா பெண்டஹாரா சாலையில் ஒரு துணிக்கடையில் வேலை. சேலையை உதறி விரிப்பது, பெண்களின் முகத்தைப் பார்த்தே அடுத்த சேலையை எடுப்பது, கஜக்கோலில் அளந்து ஒரே இழுப்பில் துணியைக் கிழிப்பது, இதிலெல்லாம் அந்தச் சாலையிலேயே அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அப்படிப்பட்டவருடைய காஜா பெராங் வீட்டில், கட்டிலுக்கடியிலும் அரிசி டின்னுக்குப் பின்னாலும் நூற்றுக்கு மேல் பழைய ஸ்பேனர்கள் கிடந்தன.

அது எதனால் தொடங்கியது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. எப்போது தொடங்கியது என்று மட்டும் தெரியும். ஜப்பான்காரன் போன மறுவருடம் கதவுக்குக் கீல் வாங்க ஆற்றோரத்துப் பழைய இரும்புக் கடைக்குப் போனார். குவியலுக்கு நடுவே, நெளிந்து போகும் பாம்புபோல வளைந்த ஒரு ஸ்பேனர் கிடந்தது. எடுத்துப் பார்த்தார். வைத்தார். மறுபடி எடுத்தார். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கையில் ஸ்பேனர் இருந்தது, கீல் இல்லை.

"கீல் எங்கங்க?" என்றாள் மனைவி கோகிலா.

"இல்ல... இது நல்லா இருந்துச்சு."

"இத வெச்சுக் கதவ மாட்டுவீங்களா?"

பொன்னுதுரை ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதை வைத்து என்ன செய்வார்கள் என்றே அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தக் கடைக்குப் போனார். கொஞ்ச காலத்தில் இரும்பைக் கையில் எடுத்ததும் அது எங்கிருந்து வந்தது என்று ஓரளவு சொல்ல முடிந்தது. கைப்பிடியில் அம்புக்குறி பொறித்திருந்தால் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் சாமான். நாய்க்குப் போடும் எலும்புபோல இரண்டு பக்கமும் தடித்து, உருண்டைக்கு உருண்டை ஓட்டைகள் இருந்தால் சைக்கிளுக்கானது. மரப்பிடி போட்டு, வாயைத் திருகிப் பெரிதாக்கிச் சிறிதாக்கும் கனமான சாதி பெரும்பாலும் கப்பலிலிருந்து இறங்கியது. கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினால், உலையில் அடித்துச் செய்தது மணிபோல ஒலிக்கும். அச்சில் வார்த்தது 'டப்' என்று அடங்கிவிடும்.

அளவுகள்தான் அவரைப் படாதபாடு படுத்தின. அரை இஞ்ச் என்று பொறித்திருந்த ஸ்பேனரின் வாயைக் கடை நாடாவால் அளந்தால் ஏறத்தாழ ஓர் இஞ்ச் வந்தது. ஆயுள் முழுக்கத் துணி அளந்தவருக்கு இது பெரிய அதிர்ச்சி. நாடா சுருங்கிவிட்டதோ என்று வேறு நாடாவில் அளந்தார். கடைசியில் ஒரு சீனர் பட்டறையில் விஷயம் தெரிந்தது. அந்த எண் உள்ளே போகும் போல்ட்டின் கனத்துக்கு, ஸ்பேனரின் வாய்க்கு இல்லை. சரி, புரிந்தது என்று வீட்டுக்கு வந்து வேறொன்றை அளந்தார். அரை இஞ்ச் என்று போட்டிருந்தது, அரை இஞ்சே இருந்தது. அது அமெரிக்கச் சாமான். அவர்களுக்கு எண் என்றால் வாயின் அகலம். ஜப்பான்காரன் விட்டுப்போனவை மில்லிமீட்டரில் இருந்தன. ஆளாளுக்கு ஒரு கணக்கில் செய்து இந்த ஊரில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பொன்னுதுரை அவற்றைப் பிரித்து அடுக்குவார், கலைப்பார், மறுபடி அடுக்குவார்.

புக்கிட் பாருவில் இருந்த கோகிலாவின் அக்கா ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "இவருக்கு எதுக்கும் ஒரு தாயத்துக் கட்டிப் பாரேன்" என்று சொல்லிப் போனார். கட்டினார்கள். தாயத்தோடு போய் இன்னும் இரண்டு ஸ்பேனர் வாங்கி வந்தார்.

தெய்வநாயகம் மட்டும் எதுவும் கேட்டதில்லை. அவர் மலாக்காச் செட்டிகளில் ஒருவர், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய வம்சம். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். தமிழில் நாலைந்து சொற்களுக்கு மேல் வராது. பொன்னுதுரையை மட்டும் 'தம்பி' என்று அழைப்பார், மீதியெல்லாம் மலாயில். அவரும் அவருடைய தங்கை நாகம்மாவும் கம்போங் செட்டிக் கோயிலின் சாமான் கொட்டகையைப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வருடம் திருவிழா நெருங்கிய நேரத்தில் கோயில் வண்டியின் அச்சாணி மரை இறுகிப்போய் அசையவில்லை. பொன்னுதுரை வீட்டுக்கு ஓடிப்போய்ச் சுமக்க முடியாமல் ஒன்றைச் சுமந்து வந்தார். ரயில் தண்டவாளங்களைப் பிணைக்கும் போல்ட்டுகளை இறுக்கும் ஸ்பேனர், ஒரு கை நீளம் இருக்கும். மலாக்காவிலிருந்து தம்பின் ஊருக்கு ஓடிய ரயில் பாதையை ஜப்பான்காரன் பெயர்த்துச் சயாமில் ரயில் போடக் கொண்டுபோனபோது, தண்டவாளம் போய்விட்டது; இதுபோன்ற சில்லறைகள் ஊரிலேயே தங்கிவிட்டன.

தெய்வநாயகம் அதைப் போட்டு ஓர் அழுத்து அழுத்தினார். மரை சுழன்றது.

"இது கோயிலிலேயே இருக்கட்டும் அண்ணே" என்றார் பொன்னுதுரை மலாயில். சங்கிலி மாட்டித் தந்ததற்கெல்லாம் பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வெகுநாளாக இருந்தது. ஆனாலும் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரும்போது மனம் கொஞ்சம் வலித்தது. அந்த ஸ்பேனரில் ஒரு வேடிக்கை இருந்தது. 7/8 என்ற எண்ணுக்குப் பக்கத்தில், இங்கிலீஷ் அளவைக் குறிக்க W என்று பொறிக்க வேண்டியதைத் தொழிற்சாலையில் யாரோ தலைகீழாக அடித்துவிட்டிருந்தார்கள். எண் நேராக நிற்கும்; எழுத்து M போலத் தெரியும். அப்படி ஒன்றை அவர் வேறெங்கும் பார்த்ததில்லை.

காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் கொண்டுவந்த அவசரகாலம் உச்சத்தில் இருந்த ஐம்பத்திரண்டாம் வருட மழைக்காலத்தில், தம்பின் வழியாகப் போகும் பெரிய லைனில் ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டது. காட்டில் இருந்தவர்களின் வேலை என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அடுத்த வாரத்தில் ஒரு காலையில், பொன்னுதுரை பசியாறிக்கொண்டிருந்தபோது வாசலில் போலீஸ் லோரி வந்து நின்றது. அந்த வீட்டில் ஸ்பேனர்கள் குவிந்திருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். கட்டிலைத் தூக்கிப் பார்த்த போலீஸ்காரர் ஒருவர் மற்றவர்களைக் கூப்பிட்டார். மொத்தத்தையும் சாக்குகளில் அள்ளினார்கள். கோகிலா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். பொன்னுதுரை கையில் இருந்த தோசைத் துண்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதோடேயே லோரியில் ஏறினார்.

விசாரித்தவர் கருணாகரன் என்ற துப்பறியும் அதிகாரி. தமிழ் நன்றாகப் பேசினார். பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு ஸ்பேனர் எதுக்கு?"

"தெரியலீங்க சார்."

"மெக்கானிக்கா நீ?"

"துணிக்கடை சார்."

"விக்கிறதுக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம் எதுக்குய்யா?"

"அதான் சார் எனக்கும்..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல் நிறுத்தினார் பொன்னுதுரை. சத்தியமாக அவருக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொல்பவன் இப்படித் திணறுவானா என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

கருணாகரன் மேசையில் திருகப்பட்டிருந்த ஒரு போல்ட்டைக் காட்டி, ஒரு ஸ்பேனரையும் கொடுத்து, "கழட்டு" என்றார். பொன்னுதுரை பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். மரை இன்னும் இறுகியது. இன்னும் பலமாகத் திருகினார். வியர்வை கொட்டியது. வெள்ளைக்காரர் முதல்முறையாகச் சிரித்து, கருணாகரனிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். கருணாகரன் சிரிக்கவில்லை. "நல்லா நடிக்கிற" என்றார்.

பிறகு மேசைக்கடியிலிருந்து நீளமான ஒன்றை எடுத்து வைத்தார். "ரயில் கவுந்த எடத்துல, தண்டவாளத்துக்குப் பக்கத்துப் புல்லுல கெடந்துச்சு. இது என்னான்னு சொல்லு."

பொன்னுதுரை தான் கைதி என்பதையே மறந்துவிட்டார். இரண்டு கையாலும் எடுத்தார். "ரயில் சாமான் சார். அந்தக் காலத்துத் தம்பின் லைன்ல உள்ளது. உலையில அடிச்சது, தட்டிப் பாருங்க, மணி மாதிரி கேக்கும். வாய்ல தேஞ்சிருக்கு பாருங்க..." என்று துடைத்துக்கொண்டே வந்தவரின் விரல் கைப்பிடியில் நின்றது. 7/8. பக்கத்தில் M.

ஸ்பேனரை மேசையில் வைத்துவிட்டார்.

"என்னா? முன்னாடி பாத்திருக்கியா?"

பொன்னுதுரையின் தலைக்குள் எல்லாம் சுழன்றது. இது கோயில் கொட்டகையில் இருக்க வேண்டியது. இங்கே எப்படி? தெய்வநாயகமா? இல்லை, ஒருவேளை நான் ஸ்பேனரையே தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேனோ? தலைகீழாகப் பிடித்தால் எந்த W-வும் M-தானே! 8 எப்படித் திருப்பினாலும் 8. அந்த 7 நேராக நின்றதா, கவிழ்ந்து நின்றதா? அதைப் பார்த்ததாக அவருக்கு நினைவே இல்லை. மறுபடி எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் மறுபடி எடுத்தால் ஏன் எடுக்கிறாய் என்று கேட்பார்கள்.

"இந்த மாதிரி நெறைய உண்டு சார்" என்றார் கடைசியில்.

"இத பாத்திருக்கியான்னு கேட்டேன்."

"சொல்லத் தெரியல சார்."

அது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. சில நாள் உள்ளே வைத்துத் திரும்பத் திரும்ப அதையே கேட்டார்கள். கடை முதலாளி வந்து இவர் நல்ல மனிதர், கொஞ்சம் ஒரு மாதிரி, அவ்வளவுதான் என்று எடுத்துச் சொன்ன பிறகு விட்டார்கள். சாக்குகளை வைத்துக்கொண்டார்கள்.

வெளியே வந்தவர் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராகக் கம்போங் செட்டிக்கு நடந்தார். தெய்வநாயகம் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, உன்னை அடித்தார்களா?"

"அண்ணே, அந்த ரயில் ஸ்பேனர் இருக்கிறதா?"

தெய்வநாயகம் ஒரு கணம் அவரையே பார்த்தார். "இருக்கிறதே. எங்கே போகும்?" என்று கொட்டகைக்குக் கூட்டிப் போனார். ஸ்பேனர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பொன்னுதுரைக்கு உயிர் வந்தது. எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, இந்தமுறை 7 நேராக நிற்கிறதா என்று பார்த்துப் பிடித்தார். நேராக நின்றது. பக்கத்தில் W-வும் நேராக நின்றது.

இது அவர் கொடுத்தது இல்லை. அதேபோன்ற வேறொன்று.

"என்ன தம்பி?"

"ஒன்றுமில்லை" என்று மாட்டிவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில் கோகிலாவிடம் மட்டும் சொன்னார். அவள் எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினாள். "இத இனிமே யாருகிட்டயும் பேசாதீங்க. எழுத்து நேரா இருக்கு, கோணலா இருக்குன்னு ஒங்களுக்குத்தான் தெரியும். வேற ஒருத்தருக்கும் தெரியாது. அப்புடியே இருக்கட்டும்."

"போலீஸ்ல சொல்லணுமில்ல?"

"என்னான்னு சொல்லுவீங்க? தெய்வநாயகம் அண்ணன் ரயில கவுத்தாருன்னா?"

அப்படிச் சொல்ல முடியாது. அவர் செய்யவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. பொன்னுதுரை அன்றிலிருந்து தன்னையறியாமல் தெய்வநாயகத்தை உற்றுப் பார்க்கத் தொடங்கினார். தம்பின் பக்கம் அவருக்கு யாரும் உண்டா? போன மாதம் இரண்டு நாள் ஊரில் இல்லையே, எங்கே போனார்? நாகம்மா எதற்காக அவ்வளவு சோறு வடிக்கிறாள், காட்டுக்கு அனுப்பவா? இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே திட்டிக்கொள்வார். மறுநாள் மறுபடி யோசிப்பார். சைக்கிள் சங்கிலி கழன்றால் இப்போது சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். தெய்வநாயகமும் கூப்பிடவில்லை. திருவிழாவுக்கு ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டார்கள், ஓரிரு வார்த்தை பேசினார்கள், அவ்வளவுதான். நாகம்மா மட்டும் வேலியருகில் கோகிலாவைக் கண்டால், "இரண்டு ஆண்களுக்கும் என்ன வந்தது?" என்று கேட்பாள். கோகிலா தலையைக் குனிந்துகொள்வாள்.

மறு வருடம் மலாக்காவில் கெடுபிடி தளர்ந்தது. ஊரடங்கு இல்லை, சோதனை குறைந்தது. சாக்குகள் திரும்பி வந்தன, சில குறைந்திருந்தன. ஒருநாள் கருணாகரன் துணிக்கடைக்கே வந்தார், மனைவிக்குச் சேலை எடுக்க. அவர் வாயைத் திறக்குமுன் பொன்னுதுரை ஏழெட்டுச் சேலைகளை இழுத்துப் போட்டார். கருணாகரன் ஒரு மயில்கழுத்து நிறச் சேலையைத் தடவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"அந்த ரயில் கேசு ஒண்ணுமில்லாம போச்சு, தெரியுமா? மழையில கர இளகி மண்ணு சரிஞ்சு கவுந்திருக்கு. போல்ட்டெல்லாம் போட்டது போட்டபடிதான் இருந்துச்சாம்."

"அப்ப அந்த ஸ்பேனர் சார்?"

"யாரோ எப்பவோ போட்டுட்டுப் போனது. யாருக்குத் தெரியும்? இது எத்தன கஜம்?"

பொன்னுதுரை அன்றைக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் துணியைக் கோணலாகக் கிழித்தார்.

யாரும் ரயிலைக் கவிழ்க்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய செய்தி. ஆனால் குழப்பம் தீரவில்லை, கூடிவிட்டது. குற்றமே நடக்கவில்லை என்றால் கொட்டகையில் ஏன் ஸ்பேனர் மாறியிருக்கிறது? ஒளிக்க ஒன்றுமில்லாதபோது யார் ஒளித்தார்கள்? தெய்வநாயகத்திடம் போய்க் கேட்டுவிடலாம். ஆனால் இவ்வளவு காலம் உங்களைச் சந்தேகப்பட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும். இன்று, நாளை என்று நாலு வருடம் போய்விட்டது.

ஐம்பத்தேழாம் வருடம் ஆகஸ்டு மாதம், நாட்டுக்குச் சுதந்திரம் நெருங்கிய நேரம், கடையில் நிற்க இடமில்லை. கொடி தைக்க எல்லாரும் சிவப்பும் வெள்ளையும் நீலமும் மஞ்சளுமாய்க் கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் லோரி ஓட்டும் தியாகு வந்தான். புக்கிட் பாருக்காரன், கம்போங் செட்டிக்கு மணலும் செம்மண்ணும் கொண்டுவருபவன். அவனுக்குக் கொடித்துணி வேண்டாம், கல்யாணச் சேலை வேண்டும். எடுத்துக் கட்டிக் கொடுத்ததும் போகாமல் நின்றான்.

"அண்ணே, ஒங்ககிட்டயும் செட்டி வூட்டுலயும் ஒண்ணு சொல்லணும். கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லிடணும்னு இருக்கு. சாயங்காலம் தெய்வநாயகம் அண்ணன் வூட்டுக்கு வர்றீங்களா?"

மாலையில் தெய்வநாயகத்தின் வீட்டுக் கூடத்தில் பொன்னுதுரை, தியாகு, அண்ணன், தங்கை என நாலு பேரும் உட்கார்ந்தார்கள். தியாகு தரையைப் பார்த்துக்கொண்டு மலாயில் சொன்னான். ஐம்பத்திரண்டாம் வருடம் தம்பினுக்குச் சுமை ஏற்றிப் போகும்முன், லோரிச் சக்கரத்து மரை ஆடுகிறது என்று நாகம்மாவிடம் கோயில் ஸ்பேனரை இரவல் வாங்கினான். வழியில் ரயில் பாதையைக் கடக்கும் இடத்தில் நிறுத்தி மரையை இறுக்கினான். மழை வலுத்தது, ஸ்பேனரைப் புல்லில் மறந்துவிட்டுக் கிளம்பினான். பிறகு அங்கேயே ரயில் கவிழ்ந்தது, அங்கே ஒரு ஸ்பேனர் கிடைத்தது என்று கேள்விப்பட்டதும் அவனுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. பழைய இரும்புக் கடையில் தேடி அதேபோல ஒன்றை வாங்கி, ஆள் இல்லாத நேரத்தில் ஆணியில் மாட்டிவிட்டான். "பொன்னுதுரை அண்ணனைப் பிடித்துப் போனபோது நான் வாயைத் திறக்கவில்லை" என்று சொல்லும்போது அழுதுவிட்டான்.

"அடப்பாவி, நீ திருப்பிக் கொடுத்ததாகத்தானே நான் நினைத்திருந்தேன்!" என்றாள் நாகம்மா.

"அது வேறொன்று என்று எனக்கு அன்றைக்கே தெரியும்" என்றார் பொன்னுதுரை. அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று சொன்ன பிறகுதான் தோன்றியது.

தெய்வநாயகம் மெல்ல எழுந்து வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தெரிந்துமா சொல்லாமல் இருந்தாய்? சொல்லியிருந்தால் எங்களையெல்லாம் போலீஸ் லோரியில் ஏற்றியிருப்பார்களே. எங்களைக் காப்பாற்றியிருக்கிறாய், தம்பி."

பொன்னுதுரை கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். காப்பாற்ற நினைத்தாரா? அப்படி நினைத்ததாக நினைவில்லை. எதுவுமே தெளிவாகத் தெரியாமல்தான் சும்மா இருந்தார். "இல்லை அண்ணே" என்றார். "நான் உங்களைத்தான் சந்தேகப்பட்டேன்."

தெய்வநாயகம் கையை விட்டார். நாகம்மா தமையனையே பார்த்தாள். தியாகு அழுவதை நிறுத்திவிட்டான்.

"என்னையா?"

"ஆமாம்."

தெய்வநாயகம் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தார். மேல்துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே சொன்னார்: "நான் உன்னைச் சந்தேகப்பட்டேன்."

"என்னையா?"

"போலீஸிலிருந்து வந்தாய். குளிக்கவில்லை, வீட்டுக்குப் போகவில்லை. என் கொட்டகைக்கு வந்து அந்த ஸ்பேனரை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாய். உன் முகம் வெளுத்தது. சரி, இவன்தான் செய்திருக்கிறான், ஏதோ தடயம் இருக்கிறதா என்று பார்க்கிறான் என்று நினைத்தேன். வீட்டில் நூறு ஸ்பேனர் வைத்திருக்கிற மனிதனைப் பற்றி வேறு என்ன நினைப்பது? நீ வந்து பார்த்ததை யாரிடமும் சொல்லக்கூடாது என்று, காரணம் சொல்லாமலே இவளை எச்சரித்து வைத்திருந்தேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோபப்படுவதா, மன்னிப்புக் கேட்பதா, சிரிப்பதா என்று இருவருக்குமே தெரியவில்லை. யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்பதும் பிடிபடவில்லை. நாகம்மாதான் எழுந்து, "சாப்பிட்டுவிட்டு யோசியுங்கள்" என்று உள்ளே போய்த் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் மீன்கறியும் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிடும்போது தெய்வநாயகம் பெரிய மீன்துண்டை எடுத்துப் பொன்னுதுரையின் தட்டில் போட்டார்.

தியாகுவின் கல்யாணத்துக்கு இரண்டு குடும்பமும் அவனுடைய லோரியிலேயே போய் வந்தன. பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். பொன்னுதுரை வழியெல்லாம் ஏதோ யோசனையாகவே இருந்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது கோகிலாவிடம் கேட்டார்:

"அவரு என்னயப் போயி ரயிலக் கவுத்தவன்னு நெனச்சிருக்காரே. நான் கோவப்படணுமா இல்லையா?"

"கோவம் வருதா?"

பொன்னுதுரை கொஞ்சம் யோசித்தார். தன்னால் ஒரு ரயிலையே கவிழ்க்க முடியும் என்று ஒரு மனிதர் அஞ்சு வருடம் மனதார நம்பியிருக்கிறார். அதை நினைத்தால் கோபம் வர வேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்தது. அதை வெளியில் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

"தெரியல" என்றார்.

"அப்ப படுங்க" என்று கோகிலா வேட்டியை மடிக்கத் தொடங்கினாள்.